முனியப்பனின் பந்துச் செருப்பு

போன வாரம் கலைமணியின் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். அந்த ஒற்றைக் கடிதம் ஏழே நாளில் அவள் வீட்டை எப்படிப் புரட்டிப் போட்டிருக்கிறது என்று வந்து பாருங்கள். பரண் காலி. இரண்டு பீரோவும் வாயைப் பிளந்து நிற்கின்றன. அவள் புருஷன் தனசேகர் மட்டும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறான். தேடுகிறானாம்.

சங்கதி இதுதான். சென்னையில் மகளிர் கால்பந்துக்கென்றே ஒரு புகழரங்கம் திறக்கிறார்கள். சம்பளம் வாங்கித் தொழிலாக ஆடிய பெண்களில் முதல் பதினொரு பேரைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கொரு கண்ணாடிப் பேழை. அதில் ஒன்று மல்லசமுத்திரத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருக்கும் நம் கலைமணிக்கு. ஆறு சீசன் தடுப்பாட்டக்காரியாக நின்றவள். பந்து தாண்டினால் ஆள் தாண்ட முடியாது, ஆள் தாண்டினால் பந்து தாண்டாது என்று கூட ஆடியவர்கள் சொல்வார்களாம். தெருவில் பாதிப் பேருக்கு இந்தக் கதையே போன வாரம்தான் தெரியும்.

பேழை தயார். உள்ளே வைக்கத்தான் ஒன்றும் இல்லை.

"கெடைச்சுது!" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது.

கலைமணி ஓடினாள். தனசேகர் தலையில் ஒட்டடையோடு வெளியே வந்து கையை நீட்டினான். ஒரு ஷட்டில் காக் இறகு.

"இதுக்கா இந்தக் கத்து கத்துனீங்க?"

"ஏதோ ஒரு வெளையாட்டுச் சாமானு கெடைச்சுதில்ல?"

சிரிப்பு வந்தாலும் அவள் சிரிக்கவில்லை. நேற்று மாலை புகழரங்கத்திலிருந்து ரஞ்சனி என்ற பெண் பேசியிருந்தாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு கேமராவோடு வருகிறார்களாம்.

"கடைசி ஃபைனல்ல நீங்க போட்டிருந்த பூட்ஸ்தான் மேடம் வேணும். கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல. கிழிஞ்சிருந்தா இன்னும் நல்லது."

"இல்லாமப் போயிருந்தா என்னங்க பண்ணுவீங்க?" என்று கலைமணி கேட்டாள்.

"போட்டோதான் வைப்போம். எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. உங்களை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போறாங்களே, அது."

அதுதான் அவளைக் குடைந்துகொண்டிருந்தது. இரவெல்லாம் புரண்டு படுத்துவிட்டு விடிந்ததும் புருஷனிடம் சொன்னாள்: "ஆறு வருசம் நின்னு ஆடுனனுங்க. படுத்துக் கெடந்தது ஒரு அரை மணி நேரம். அதையா கண்ணாடிக்குள்ள மாட்டுவாங்க?"

தனசேகர் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயின்ட்டர். எதையும் பெயின்ட்டில் தீர்க்கலாம் என்பது அவன் கட்சி.

"சேலத்துல போய் பழைய பூட்ஸு ஒண்ணு வாங்கியாரேன். கொஞ்சம் பிரைமரு, கொஞ்சம் செம்மண்ணு. ஒம்பது வருசப் பழசு மாதிரி நான் ஆக்கித் தாரேன். புது லாரியவே பழசாக்கறவனுக்கு இது ஒரு பெரிய வேலையா?"

"புது லாரியப் பழசாக்கறீங்களா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"வேண்டாமுங்க. பொய்யைக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குள்ள வெச்சா காலத்துக்கும் அது என்னையப் பார்த்துச் சிரிக்கும்."

நிஜமான பூட்ஸ் என்ன ஆனது என்று தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். முதல் சம்பளத்தில் அவள் வாங்கிய பூட்ஸ் அது. ஒன்பது வருடங்களுக்கு முன்னால், ஒடிசாவில் நடந்த இறுதிப் போட்டியில் இடது முட்டி போய், இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள். மறுநாள் காலையில் பையைத் திறந்தால் பூட்ஸைக் காணோம். அண்ணன் வேல்முருகன், ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் மேஸ்திரி, நேராக நின்று சொன்னான்: "நான்தான் ஆலை அடுப்புல போட்டுட்டேன். ஆடுனது போதும்."

அவ்வளவுதான். கலைமணி நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்து, தெருவே கேட்க ஒரு சத்தியம் செய்தாள். "எல்லை முனியப்பன் மேல ஆணை. இனி உன்ற ஊட்டுப் படிய மிதிச்சா இந்தக் காலு எனக்கு வெளங்காமப் போகட்டும்!"

ஒன்பது வருடம் மிதிக்கவில்லை. அவள் கல்யாணத்துக்கு வந்த அண்ணன், மண்டபத்து வாசலில் நின்று தாலி கட்டியதைப் பார்த்துவிட்டுப் பந்தியில் உட்காராமல் போனான். இரண்டு வீட்டுக்கும் நடுவே இரண்டு மைல். இரண்டிலும் மாறி மாறி இருப்பவள் அம்மா உண்ணாமலை ஒருத்திதான். இந்த மாதம் மகள் வீட்டு முறை.

அந்த உண்ணாமலை இப்போது முற்றத்தில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக வீடே அல்லோலகல்லோலப்படுகிறது, அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சும்மா இருக்கிற பொம்பளையும் இல்லை அவள். கலைமணிக்கு அதுவே விசித்திரமாக இருந்தது.

"அதே மாதிரி வாங்கோணும்னா அடையாளமாச்சும் சொல்லு. சும்மா கேட்டு வெச்சுக்கறேன்" என்றான் தனசேகர். ஆள் இன்னும் பெயின்ட் யோசனையை விடவில்லை.

"கருப்பு. ஓரத்துல மஞ்சக் கோடு. எடது பூட்ஸு முன்னாடி பொளந்துக்கிச்சு. பாதி ஆட்டத்துல செவப்பு நூலுதான் கெடைச்சுது. நானே மூணு தையல் போட்டேன்."

"நாலு" என்றாள் உண்ணாமலை.

சொன்னதும் கை நின்றுவிட்டது. முறத்தில் கடலை உருண்டது.

கலைமணி விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். மூன்று போட்டு, நூல் நிற்காமல், கடைசியில் ஒன்று குறுக்கே போட்டாள். நாலுதான்!

"அம்மா. தையல் போட்டது ஒடிசாவுல. ஊருக்கு வந்தப்ப பூட்ஸு பைக்குள்ள இருந்துது. நான் யாருக்கும் காட்டலே. விடிஞ்சா அது அடுப்புல. நீ எப்பப் பார்த்தே?"

"கண்ணு மங்கிப் போன கெழவி, ஏதோ ஒளறுனேன்."

"ஒளறுனவ சரியா நாலுன்னு எப்பிடிச் சொன்னே?"

உண்ணாமலை முறத்தைத் தள்ளி வைத்தாள். மகளின் இடது முட்டியையே பார்த்தாள். அப்புறம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பயந்திருக்கிறாள் என்று கலைமணிக்குப் புரிந்தது. எதற்குப் பயம் என்றுதான் புரியவில்லை.

"என்னையக் கேக்காதே சாமி. நான் வாயத் தொறக்கக் கூடாது. இன்னைக்கு ஞாயித்துக்கெழமைதானே? எல்லை முனியப்பனுக்கு ஒரு சூடம் பத்த வெச்சுட்டு வாங்க, ரெண்டு பேரும்."

"பூட்ஸைக் கேட்டா சூடத்தைச் சொல்றே?"

"நான் பூட்ஸைப் பத்தி ஒண்ணுமே சொல்லலே. மாப்ளே, நீங்களே சாட்சி. கோயலுக்குப் போங்கன்னுதான் சொன்னேன்."

தனசேகர் ஏற்கெனவே வண்டிச் சாவியை எடுத்துவிட்டான். புதிர் என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம்.

எல்லை முனியப்பனுக்குக் கூரை கிடையாது. மரவள்ளிக் காட்டுக்கு நடுவே, முறுக்கின மீசையும் கையில் அரிவாளுமாக வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். ராத்திரியெல்லாம் ஊர் எல்லையை நடந்தே காவல் காக்கிறவர் என்பதால் அவருக்குக் காணிக்கை செருப்பு. பக்கத்து வேப்பமரத்தில் கிளைக்குக் கிளை தொங்குகிறது: ஆணி அடித்த தோல் செருப்பு, ரப்பர் செருப்பு, யாரோ துபாயிலிருந்து கொண்டுவந்து கட்டிய பளபள ஷூ. சின்ன வயதிலிருந்து கலைமணி பார்க்கிற மரம்தான். முட்டி போன பிறகு அவள் இந்தப் பக்கம் வரவில்லை. சத்தியம் செய்த சாமியின் முகத்தைப் பார்க்க ஒரு கூச்சம்.

பூசாரி சின்னராஜ் விபூதித் தட்டோடு வந்தார். வந்தவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, நடையைப் பார்த்தார்.

"வேல்முருகன் தங்கச்சிதானே நீ? பந்துச் செருப்பைப் பாக்க வந்தியா?"

"என்னுங்க?"

"பந்துச் செருப்பு, சாமி. அதா, வடக்குக் கெளையில."

கலைமணி அண்ணாந்து பார்த்தாள். கருப்பு. ஓரத்தில் மஞ்சள் கோடு. இடது பூட்ஸின் மூக்கில் சிவப்பாக நாலு தையல்.

அவள் அப்படியே மரத்தைப் பிடித்துக்கொண்டாள். தனசேகர்தான் கேட்டான்.

"அடுப்புல போட்டதுன்னாங்களே! அதுவும் ஒம்பது வருசம் வெயில்லயும் மழையிலயும் கெடந்தா தோலு சுருண்டு போயிருக்கோணுமே? இதென்னுங்க, நேத்து வாங்குன மாதிரி இருக்குது? கயிறு வேற புதுசு!"

மற்ற செருப்பெல்லாம் வெடித்து, வெளுத்து, காய்ந்த முருங்கைக்காயாகத் தொங்க, அந்த ஒரு ஜோடி மட்டும் எண்ணெய் மினுமினுப்போடு இருந்தது.

சின்னராஜ் தட்டைக் கீழே வைத்தார். "அதுக்கொரு மொறை இருக்குது. காணிக்கை நேர்ந்துக்கிட்டவங்க அதைப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா வேண்டுன காரியம் திரும்பிப் போயிரும். நான் நேரலே, அதனால நான் சொல்லலாம். நீ காலொடைஞ்சு வந்து எறங்குன ராத்திரி உங்கம்மா நேர்ந்துக்கிட்டா. 'எம் புள்ள நொண்டாம நடக்கோணும், அவ கால்ல கெடந்ததையே உனக்குத் தாரேன்'ன்னு. விடியக்காலையில உங்கண்ணன்தான் கொண்டுவந்து கட்டுனான்."

"அப்பறம் எதுக்குங்க அடுப்புல போட்டேன்னு சொன்னான்?"

"நீ அம்மாவப் போட்டுக் கொடைஞ்சிருப்பேல்ல? அந்தம்மா வாயத் தொறந்திருப்பா. உன்ற காலு என்னாகறது? பழிய எம்மேல போட்டுக்கறேன்னுட்டான். இங்கதான், இந்த எடத்துல நின்னு சொன்னான்."

கலைமணி அழுதாள். முந்தானையை எடுக்கக்கூடத் தோன்றாமல் நின்ற இடத்திலேயே அழுதாள். ஒன்பது வருடம் அவள் திட்டின திட்டெல்லாம் ஒன்றுவிடாமல் இப்போது ஞாபகம் வந்து தொலைத்தது. தீபாவளிக்கு அவன் கொடுத்தனுப்பிய சேலையைத் திருப்பி அனுப்பியது. ஒருமுறை பஸ்ஸில் அவன் ஏறியதும் இவள் இறங்கிப் போனது.

"இந்த எண்ணெய்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வருசா வருசம் ஆடியில வருவான். செருப்பைக் கழட்டித் தொடைப்பான், தேங்காயெண்ணெய் தேய்ப்பான், புதுக்கயிறு கோப்பான். சாமிக்குக் குடுத்ததை எதுக்குடா மெனக்கெட்டுத் தேய்க்கறேன்னு ஒருக்காக் கேட்டேன். 'சாமிக்கு இல்லீங்க, என்னைக்காச்சும் அவ வந்து பாத்தா மனசு ஒடையக் கூடாதுங்க'ன்னான்."

தனசேகர் மூக்கை உறிஞ்சினான். பெயின்ட் வாசனை என்று சொல்லிக்கொள்ள அங்கே பெயின்ட்டும் இல்லை. பேச்சை மாற்ற, குதிகாலைத் தூக்கிக் கிளைக்குக் கை நீட்டினான்.

"கைய வெக்காதீங்க!" சின்னராஜ் போட்ட சத்தத்தில் காக்கை பறந்தது. "அது அவுரு பொருளு. அவுரு உத்தரவில்லாம ஒரு கயிறு அவுக்க முடியாது."

"நாளைக்குக் காலையில சென்னையிலிருந்து வாராங்களுங்க. கண்ணாடிக்குள்ள வெக்கோணும்."

"அப்போ பூக் கேளுங்க. வெள்ளை வந்தா சரின்னாரு. செவப்பு வந்தா இல்லேன்னுட்டாரு. ஆனா ஒரு குடும்பத்துக்கு ஒரு கேள்விதான். அடுத்தது கேக்கோணும்னா வார ஞாயித்துக்கெழமை."

"ஒண்ணு போதுமுங்க! எங்களுக்கு இருக்கறதே ஒரு கேள்விதானே?" என்றான் தனசேகர்.

கலைமணி புருஷனைப் பார்த்தாள்.

சின்னராஜ் வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று பறித்துத் தனித்தனி இலையில் மடித்து முனியப்பன் காலடியில் போட்டார். "மனசுக்குள்ள தெளிவாக் கேளு. வெளிய சொல்ல வேண்டாம்" என்றார்.

அவள் கண்ணை மூடினாள். நாமெல்லாம் ஒரு சாமியிடம் கேட்க ஒன்பது கேள்வி வைத்திருப்போம். அவளுக்கு ஒன்றுதான் கிடைத்தது. வெகு நேரம் ஆயிற்று. பொங்கல் வைக்க வந்திருந்த குடும்பத்தில் ஒரு நாலு வயதுப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு பொட்டலம் எடுக்கச் சொன்னார் பூசாரி. அது இரண்டையும் எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. அதட்டி, கொஞ்சிய பிறகு கடைசியில் ஒன்றைக் கொடுத்தது.

இலையைப் பிரித்தார்.

வெள்ளை.

"அப்பாடா!" தனசேகர் கைகூப்பிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினான். "எந்தக் கெளையில காலு வெக்கலாமுங்க பூசாரி?"

"எறங்குங்க" என்றாள் கலைமணி.

"இன்னும் ஏறவே இல்லியே!"

"ஏற வேண்டாம். வண்டிய எடுங்க."

"வெள்ளைப் பூ வந்துருச்சு கலை!"

"வந்துருச்சுங்க. அதுக்குத்தான் சொல்றேன், வண்டிய எடுங்க."

தனசேகர் பூசாரியைப் பார்த்தான். பூசாரி ஏதோ விளங்கினாற்போல மீசைக்குள் சிரித்துவிட்டு விபூதித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். புதிரை அவிழ்க்க வந்தவன் தலையில் இன்னொரு புதிரா? வழி நெடுகப் புலம்பிக்கொண்டே வந்தான். சாமியே கொடுத்ததை வேண்டாம் என்கிறாளே, நாளைக்கு வருகிறவர்களிடம் எதைக் காட்டுவது, ஸ்ட்ரெச்சர் போட்டோதான் கதியா?

"சேகோ ஆலைகிட்ட எடது பக்கம் திருப்புங்க."

பிரேக் போட்டான். அந்தப் பக்கம் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் அவர்களுக்கு வேலை. அந்த வீட்டுக்குத்தான் ஒன்பது வருடமாக வேலை இல்லை.

"கலை, அந்தச் சத்தியம்..."

"திருப்புங்கன்னேன்."

வேல்முருகன் வாசல் குழாயடியில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். பனியனும் லுங்கியும், மீசையில் பாதி நரை. அவன் மனைவி வசந்தாமணி துணி காயப்போட வந்தவள் இவர்களைப் பார்த்ததும் ஈரத்துணியை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அவள் சேலையில் சொட்டியது.

கலைமணி வண்டியை விட்டு இறங்கினாள். படிக்கு ஓரடி முன்னால் நின்றாள். அண்ணன் நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான், அப்புறம் அவள் காலைப் பார்த்தான்.

"முட்டி எப்பிடி இருக்குது?"

ஒன்பது வருடத்துக்கு அப்புறம் அவன் பேசிய முதல் வார்த்தை அது. அவள் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மன்னிப்பு அத்தனையும் மறந்து போயிற்று.

"மழை பேஞ்சா மட்டும் வலிக்குதுங்ணா."

"ம்."

குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வசந்தாமணி போய் அடைத்தாள்.

"கோயலுக்குப் போயிட்டு வாரம்" என்றாள் கலைமணி. "பாத்தேன்."

வேல்முருகன் தலையைக் குனிந்துகொண்டான். திருடன் அகப்பட்டதுபோல ஒரு முகம். "அம்மா சொல்லுச்சா?" என்று பதறிக் கேட்டான்.

"அம்மா வாயே தொறக்கலே. பூசாரி சொன்னாரு."

மூச்சு விட்டான். "லெட்டரு வந்த சேதி கேட்டேன். ரொம்ப சந்தோசம். பூட்ஸு வேணுமாமே? பூக் கேட்டியா?"

"கேட்டேன். வெள்ளை வந்துச்சு."

"அப்பறமென்ன? கொண்டாந்துட்டியா? எண்ணெய் பிசுபிசுன்னு இருக்கும், தொடைச்சுக் குடுக்கோணும்..."

"எடுக்கலீங்ணா. பூட்ஸைக் கேக்கலே."

"பின்னே என்ன கேட்டே?"

தனசேகரும் அதைத்தான் கேட்கக் காத்திருந்தான். வண்டி ஸ்டாண்டைக்கூடப் போடாமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றான்.

கலைமணி படியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவுரு மேல பண்ணுன சத்தியமுங்ணா. அவுரைத்தானே கேக்கோணும்? எங்கண்ணன் ஊட்டுப் படி ஏறலாமான்னு கேட்டேன்."

வேல்முருகன் லுங்கியில் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"ஏம்புள்ளே, இதுக்குப் போயா அவரைக் கேட்டே? எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்ல?"

அவள் இடது காலை, விளங்காமல் போகட்டும் என்று சபித்த அதே காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். வசந்தாமணி நாத்தனாரை "வாங்க நங்கை" என்று அழைத்துவிட்டு, ஈரத்துணியோடு உள்ளே ஓடினாள்.

தனசேகரின் சட்டைப் பையில் போன் அடித்தது. ரஞ்சனி.

"சார், நாங்க இன்னைக்கே கிளம்பிட்டோம். பூட்ஸ் கிடைச்சுதா?"

"கெடைச்சுதுங்க."

"சூப்பர் சார்! எங்க இருக்கு?"

அவன் மரவள்ளிக் காட்டுப் பக்கம் பார்த்தான். அப்புறம் வீட்டுக்குள் பார்த்தான். அண்ணன் தரையில் உட்கார்ந்து தங்கையின் முட்டியை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதொரு பெரிய ஆளுகிட்ட இருக்குதுங்க மேடம். அவருகிட்ட வார ஞாயித்துக்கெழமைதான் கேக்க முடியும்" என்றான் தனசேகர்.